அம்மாவின் ஏந்திரத்துக்குப் புது முளை

ஏந்திரத்தின் மேல்கல் 22 கிலோ. மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டித் தராசில் வைத்துப் பார்த்தேன். கீழ்க்கல்லை எடை போடவில்லை. அதைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். மண்டிக்காரர் அதற்குள்ளேயே என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தார்.

திருகை என்று சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்குப் புரியும். ஒடுகத்தூர் பக்கம் எங்கள் ஊரில் அது ஏந்திரம். கேழ்வரகு அரைக்க, ஆடிக் கூழுக்கு நொய் உடைக்க, துவரை உடைக்க, எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு கல்தான். 1962-இல், பதினெட்டு வயதில், ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோதே அது நடையில் கிடந்ததாம். அப்புறம் அறுபத்திரண்டு வருஷம் அவள் அந்த வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. மாவட்டம்தான் மாறிக்கொண்டே இருந்தது. வட ஆற்காடாக இருந்தது, 1989-இல் திருவண்ணாமலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானது, பிறகு வேலூரானது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகப் போயின. நான் குடியிருப்பது வாலாஜாவில், அதனால் அன்று முதல் நான் பக்கத்து மாவட்டத்துக்காரன். "இன்னாடா, வேற மாவட்டத்து ஆளு வந்துகீற" என்று அம்மா அதையும் ஒரு நாள் சொல்லிக்காட்டினாள்.

2024 ஆவணியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். வருஷத் திவசம் முடிந்த மறுநாள் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து சாமான் பிரித்தோம். அக்கா பித்தளை அண்டாவை எடுத்துக்கொண்டாள். தங்கைக்குக் குத்துவிளக்கும் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியும். தம்பிக்கு அரசாங்கம் கொடுத்த விலையில்லா கிரைண்டர். 2011-இல் ஆரம்பித்த திட்டத்தில் வந்தது; அம்மா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடி, வெற்றிலைப் பெட்டி வைக்கிற ஸ்டூலாகவே பன்னிரண்டு வருஷம் வைத்திருந்தாள். ஏந்திரத்தை யாரும் கேட்கவில்லை. நடை மூலையில் கோணிகளுக்கு அடியில் கிடந்தது. நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "தூக்கிக்கினு போயிடுவியா?" என்று அக்கா சிரித்தாள்.

ஐ.டி.ஐ. படித்து 34 வருஷம் ராணிப்பேட்டைப் பக்கம் ஃபிட்டராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். பம்ப், கியர் பாக்ஸ் என்று எவ்வளவோ பிரித்து மாட்டியிருக்கிறேன். இரண்டு கல்லும் ஒரு கட்டையும் என்ன பெரிய வேலை, ஒரு சனி ஞாயிறில் முடியும் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

முதல் சனிக்கிழமை பிரித்தேன். எங்கள் ஏந்திரத்தின் அமைப்பு இப்படி. கீழ்க்கல்லின் நடுவில் ஒரு குழி, அதில் மர முளை அடித்திருக்கும். முளை கீழே தடிமன், மேலே மெலிசு. தடிமன் முடிகிற இடத்தில் ஒரு தோள் இருக்கும். மேல்கல்லின் வாயில் குறுக்கே ஒரு கட்டையை இறுக்கியிருப்பார்கள், அந்தக் கட்டை நடுவில் ஒரு துளை. முளையின் மெலிந்த பகுதி அந்தத் துளையில் நுழையும். தானியத்தை வாயில் போட்டால் கட்டையின் இரண்டு பக்கச் சந்திலும் இறங்கி, கல் இடுக்கில் போய், ஓரத்தில் மாவாகக் கொட்டும். மேல்கல்லின் விளிம்பருகில் கைப்பிடி. அவ்வளவுதான் மெஷின்.

முளையைக் கரையான் தின்றிருந்தது. கையில் எடுத்ததும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. குறுக்குக் கட்டை பாதி நல்லது, பாதி போச்சு. முளையின் கழுத்தில் காய்ந்துபோன உளுந்து வடை மாதிரி ஒரு கறுப்பு வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. மாவும் மண்ணும் இறுகிப்போன அழுக்கு என்று நினைத்தேன். முளைத்தூளோடு சேர்த்து அள்ளிக்கொண்டுபோய், பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் எருக்குழியில் போட்டுவிட்டு வந்தேன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

கல்லுக்கு சோப்பு போடக் கூடாது. நுண்துளையில் இறங்கிவிட்டால் எத்தனை படி அரைத்தாலும் வாசம் போகாது. தென்னை நாரும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து இரண்டு நாள் காயவிட்டேன். கொத்து முழுக்கத் தேய்ந்து, தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கியது. இப்படிப்பட்ட கல்லில் கேழ்வரகைப் போட்டால் அரைபடாது, உருண்டு வெளியே வரும்.

இரண்டாவது வாரம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்க ஃபிட்டர் வேலையைக் காட்டினேன். பேரிங்கைப் படிய வைக்க நாங்கள் நீல மை தடவிப் பார்ப்போம். இங்கே சொட்டு நீலத்தைக் கீழ்க்கல்லில் லேசாகத் தடவி, மேல்கல்லை வைத்து ஒரு சுற்றுச் சுற்றித் தூக்கிப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு மட்டும் நீலம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒட்டவே இல்லை. சரி, நடுவில் தேய்ந்து பள்ளமாகிவிட்டது, ஓரத்தை இறக்கி மட்டமாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல காலம், உளி வாங்கப் போன இடத்தில் வாயைத் திறந்தேன்.

பள்ளிகொண்டா தாண்டி ஹைவே ஓரத்தில் அம்மி, உரல் அடுக்கி வைத்து விற்கிற பெரியவர் அவர். முன்பெல்லாம் தெருத் தெருவாக "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு போனவர். இப்போது அந்தக் குரலையே கேட்க முடிவதில்லை. நான் செய்யப்போவதைச் சொன்னதும் கையிலிருந்த பீடியைக் கீழே போட்டார்.

"ஏந்திரத்த மட்டம் பண்றியா? ஓரம் அரைக்கணும், நடு வாங்கணும். ரெண்டும் அரைச்சா ஒண்ணும் அரையாது. கல்ல அடிச்சவன் அந்தப் பள்ளத்த வேணும்னுதான் வெச்சிகீறான்."

யோசித்தால் அதுதான் சரி. நடுவில் இடம் இருந்தால்தான் தானியம் உள்ளே நகரும். ஓரத்துக்குப் போகப் போக இடுக்கு குறைந்து மாவாகும். நான் மட்டம் தட்டியிருந்தால் அறுபது வருஷத்தில் தேயாத கல் ஒரு மத்தியானத்தில் வீணாகியிருக்கும். அவரைப் பஸ்ஸில் கூட்டிவந்து கீழ்க்கல்லைக் கொத்தவைத்தேன். கூலி 300 ரூபாய், சாப்பாடு, பஸ் காசு. மேல்கல்லை நானே கொத்துகிறேன் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

கொத்துகிற முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இனி சொல்லித்தர ஆள் கிடைப்பது சிரமம். உளியை நேராகப் பிடிக்க வேண்டும், சாய்த்தால் சில்லுப் பெயரும். ஒரே இடத்தில் ஒரே அடி, பிறகு நகர்ந்துவிட வேண்டும். புள்ளிக்குப் புள்ளி ஒரு துவரை போகிற இடைவெளி இருந்தால் போதும். விளிம்பில் கொத்தும்போது அடி உள்பக்கம் பார்த்து விழ வேண்டும். வெளிப்பக்கம் விழுந்தால் ஓரம் உடையும். நான் ஒரு இடத்தில் உடைத்தேன், புளியங்கொட்டை அளவுக்கு. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, பீடி பற்றவைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை உளி முனை மழுங்கும், தீட்டிக்கொள்ள வேண்டும். முக்கியமாக, கல்லை நனைத்துக்கொண்டே கொத்துங்கள், மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். கருங்கல் தூளில் இருப்பது சிலிகா, அது நுரையீரலில் தங்கும். ஃபேக்டரியில் பையன்களுக்கு இதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். முதல் ஒரு மணி நேரம் மாஸ்க் போடாமல் கொத்தியதும் நான்தான்.

கைப்பிடியை மட்டும் மாற்றவில்லை. ஆட்டம் இருந்தது, ஆப்பு வைத்து இறுக்கினேன். நெய் தடவினது போல் மினுக்கம். மேல் நுனியில் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொன்று. இரண்டு கையாலும் மாற்றி மாற்றி அரைத்திருக்கிறாள். என் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை. அவளுடைய கை சின்னது.

அவ்வளவு தேய என்ன காரணம் என்றால், 1986 முதல் 1997 வரையான பதினோரு வருஷம். மல்லாட்டைக் கொடி ஏற்றிய வண்டியிலிருந்து நைனா, எங்கள் அப்பா, விழுந்தார். பொய்கைச் சந்தையில் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பிடித்துவந்த புது மாடு, மிரண்டுவிட்டது. முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர் இடுப்புக்குக் கீழே அசையவில்லை. கூடத்தில் கட்டில் போட்டோம். நான் அப்போதுதான் ஐ.டி.ஐ. முடித்திருந்தேன், வேலை தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. தங்கையும் தம்பியும் பள்ளிக்கூடம்.

ஒன்றரை ஏக்கர் மானாவாரியும் கிணறு ஒன்றும் எங்கள் சொத்து. மல்லாட்டை போட்டு ஊடுபயிராகத் துவரை, மேட்டுக் கொல்லையில் கேழ்வரகு. மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் கரண்ட் ராத்திரி முறை வந்தால் டார்ச்சு எடுத்துக்கொண்டு அம்மாதான் போவாள். போவதற்கு முன் நைனாவை ஒருக்களித்துப் படுக்கவைப்பாள், வந்ததும் மறுபக்கம் திருப்புவாள். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் கவலை. பதினோரு வருஷத்தில் ஒருமுறைதான் வந்தது, அதுவும் அவளுக்கு டைபாய்டு வந்து படுத்த பத்து நாளில். அதை அவள் தன்னுடைய குற்றமாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனாவுக்குக் கேழ்வரகுக் கஞ்சிதான் ஒத்துக்கொண்டது. அரைத்த மாவை முதலில் சல்லடையில் சலிப்பாள், பிறகு பழைய வேட்டியைச் சொம்பின் வாயில் கட்டித் தேய்த்துச் சலிப்பாள். அவருக்கு அந்த மாவு. மேலே தங்கியது எங்களுக்குக் களி. அடை மாதிரி கெட்டியாக இருக்கும், கீரைக் கடைசலைப் பள்ளத்தில் ஊற்றிக்கொண்டு சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு படி என்று வைத்தாலே பதினோரு வருஷத்துக்கு நாலாயிரம் படி வருகிறது. கைப்பிடிப் பள்ளத்துக்குக் கணக்கு சரியாக இருக்கிறது.

அப்போதே ஊருக்கு மூன்று கிலோமீட்டரில் மாவு மிஷின் வந்துவிட்டது. சைக்கிளில் கொண்டுபோய் அரைத்துவருகிறேன் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். "மிஷின்ல சூடாயிடும்டா, முன்னாடி அரைச்சவளோட மொளகாத்தூளு வேற வரும்" என்பாள். அது உண்மைதான் என்றாலும் பிடிவாதம் என்றுதான் நினைத்தேன். பிடிவாதமும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஏந்திரத்தில் வேறு யாரையும் கைவைக்க விட மாட்டாள். என் வீட்டுக்காரி கல்யாணமான புதிதில் ஆசையாகப் போய் உட்கார்ந்தாள், "எழுந்திரும்மா, ஒனக்கு வராது" என்று எழுப்பிவிட்டாள். அந்த மனத்தாங்கல் என் வீட்டில் முப்பது வருஷம் இருந்தது. அம்மா வாலாஜாவுக்கு வந்தால் இரண்டு ராத்திரிக்கு மேல் தங்க மாட்டாள். பாராட்டி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. எனக்கு வேலை கிடைத்த அன்றைக்குச் சொன்னது, "பஸ்சுல தொங்காத."

மூன்றாவது வாரம் முளை. முதலில் 20 மில்லி எம்.எஸ். ராடு வெட்டிக் கடைந்து எடுத்துவந்தேன். குறுக்குக் கட்டைக்குள் வெண்கல புஷ் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். மாட்டிச் சுற்றினால் கீச்சென்று தெருவே திரும்பிப் பார்த்தது. எண்ணெய் விட முடியாது, சாப்பிடுகிற மாவு. இரும்பு முளை வைத்த ஏந்திரங்களும் உண்டு, ஆனால் எங்கள் கல்லின் குழி மரத்துக்கென்று வெட்டியது. தண்ணீர் பட்டால் மரம் கொஞ்சம் ஊதித் தானாகவே இறுகும், ராடு இறுகாது. கடைசியில் சின்னம்மா வீட்டுப் புளியமரத்திலிருந்து போன வருஷம் வெட்டிக் காய்ந்த கிளையின் வைரப் பகுதியை எடுத்து, கொத்துவாளும் அரமும் வைத்துச் செதுக்கினேன். பழைய முளை கையில் இருந்திருந்தால் அளவெடுத்திருப்பேன். இல்லை. குழியையும் கட்டையின் துளையையும் வெர்னியரில் அளந்து, தோள் எங்கே வர வேண்டும் என்று குத்துமதிப்பாக வைத்தேன். மேல்கல் கீழ்க்கல்லில் உட்கார்ந்ததும் கட்டைக்கும் தோளுக்கும் நடுவே ஒரு மில்லி சந்து வந்தது. கல் கல்லோடு படிகிறது, கட்டை எதிலும் தட்டவில்லை. சரியான ஃபிட்டிங் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

நாலாவது வாரம் ஓட்டிப் பார்த்தேன். புதிதாகக் கொத்திய கல்லில் முதலில் தவிடு போட்டு அரைத்துக் கொட்ட வேண்டும், கல்தூள் அதில் வந்துவிடும். வெளிச்சமாக இருக்கட்டும் என்று தாழ்வாரத்தில் கோணியை விரித்து வைத்தேன். நாலு சுற்று சுற்றியதும் கீழ்க்கல் ஆடியது. இடம் மாற்றினேன், ஆடியது. அடியில் ஓட்டுச்சில்லு வைத்தேன், அது நழுவியது. சின்னம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அது எடத்துல வெய்யிடா" என்றாள்.

அதன் இடம் நடையில், கதவோரம். பகலிலேயே இருட்டாக இருக்கும். சிமெண்டுத் தரையில் அங்கே வட்டமாக ஒரு தழும்பு, நடுவில் லேசாகக் குழிந்தும் இருந்தது. கீழ்க்கல்லின் அடியும் உருண்டைதான். வைத்ததும் கிண்ணத்தில் உட்கார்ந்த மாதிரி அசையாமல் நின்றது. இந்த இருட்டில் உட்கார்ந்து ஏன்தான் அரைத்தாளோ என்று நினைத்துக்கொண்டே சுவரில் முதுகைச் சாய்த்து ஒரு காலை நீட்டி உட்கார்ந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே கூடத்து வாசற்கால். அதன் வழியாகத் தெரிந்தது கூடத்தின் ஒரு மூலை மட்டும்தான். நைனாவின் கட்டில் கிடந்த மூலை.

தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் அது தெரியாது. அடுப்படியிலிருந்தும் தெரியாது. எழுந்து போய்ப் பார்த்தேன்.

"மிஷினுக்குப் போயி வர ரெண்டு மணி நேரம் ஆவும். யார நம்பி உட்டுட்டுப் போவா?" என்றாள் சின்னம்மா. "நான் சைக்கிள்ல போறேன்னுதானே சொன்னேன்" என்றேன். "நீ எங்க இருந்த? வாரத்துக்கு ஒருக்கா வருவ. அந்த மனுசன் ராத்திரில தூக்கம் வரலேன்னா இந்த ஏந்திரத்த ஓட்டச் சொல்வாரு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் தூங்குவாரு. அது ஒனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தச் சத்தத்தில் புரண்டு படுத்து, கோணியை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது.

தவிடு இரண்டு படி ஓட்டினேன். பிறகு கேழ்வரகு அரைப்படி. அம்மா ஒரு படியை முக்கால் மணியில் முடிப்பாள் என்று சின்னம்மா சொன்னாள். எனக்கு அரைப்படிக்கே அந்த நேரம் ஆனது, தோள்பட்டை இறங்கிவிட்டது. மாவு நன்றாக விழுந்தது. விரலில் தேய்த்தால் நறநறப்பு இல்லை. முதல் மாவைக் கோழிக்குப் போட்டேன், இரண்டாவதில் அன்றைக்கு ராத்திரி களி.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். பரணில் அம்மா வைத்த பானை ஒன்று இருந்தது, அதில் மண் கட்டின துவரை மூன்று படி. துவரையை ராத்திரி ஊறவைத்து வடித்து, செம்மண்ணைக் குழைத்துப் பிசிறி, வெயிலில் காயவைத்து எடுத்துவைப்பதுதான் மண் கட்டுவது. பூச்சி அதிகம் அண்டாது, உடைக்கும்போது தோலும் சுலபமாகக் கழன்றுவிடும். அவள் கடைசியாகக் கட்டி வைத்த துவரை. அதில் ஒரு படியை எடுத்து மண்ணைச் சலித்துவிட்டு ஏந்திரத்தில் போட்டேன். பருப்பாக வரவில்லை. பாதி நொய், பாதி மாவு. கல் சரியாகப் படிந்திருக்கிறது அல்லவா, அரைத்துத் தள்ளிவிட்டது. என் ஃபிட்டிங் அவ்வளவு நன்றாக இருந்தது. கால்படி போய்விட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

சின்னம்மா வந்து மாவை அள்ளிப் பார்த்தாள்.

"சும்மாடு எங்கடா?"

"இன்னா சும்மாடு?"

"முளைக் கழுத்துல துணி சுத்தி மாட்டி இருக்குமே. மாவுக்கு எடுத்துடுவா, பருப்புக்கு மாட்டுவா. அத்த போட்டாத்தான் கல்லு தூக்கிக்கினு நிக்கும். எங்க போட்ட?"

தலையில் பாரம் தூக்குகிறவர்கள் வைக்கிற சும்மாடு மாதிரியேதான், சின்னதாக. முளைத் தோளுக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவே அது உட்கார்ந்தால் மேல்கல் அந்த அளவுக்கு உயர்ந்துவிடும், இடுக்கு பெரிதாகும், துவரை நசுங்காமல் பிளக்கும். நாங்கள் இதை ஷிம் என்போம். ஃபேக்டரியில் ஷிம்மைத் தப்பான இடத்தில் வைத்ததற்காக ஒரு பையனை ஒரு மணி நேரம் திட்டியிருக்கிறேன். இங்கே கையில் கிடைத்த ஷிம்மை வடை என்று எருக்குழியில் போட்டவன் நான்.

எருக்குழிக்குப் போய்க் கிளறினேன். மூன்று வாரச் சாணம் மேலே இருந்தது. சின்னம்மாவின் மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, மோதிரம் எதுனா போட்டுட்டீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். அரை மணி நேரம் கழித்துக் கிடைத்தது. தண்ணீரில் ஊறவைத்ததும் செம்மண்ணும் மாவும் கரைந்து துணி தெரிய ஆரம்பித்தது. வெளிச்சுற்று பச்சை வாயில் புடவை, மஞ்சள் பூப் போட்டது. ஏதோ ஒரு தீபாவளிக்கு நான் எடுத்துக்கொடுத்தது, நல்லா இல்லை என்று சொல்லிவிட்டு ஆறு வருஷம் கட்டினாள். அதற்கு உள்ளே வேட்டிக் கரை, நைனாவுடையது. அதற்கும் உள்ளே காக்கி. என் பள்ளிக்கூட டவுசராக இருக்க வேண்டும். போனில் சொன்னேன், இல்லை, அது தன்னுடையது என்று தம்பி அடித்துச் சொல்கிறான். துணி நசுங்கி மெலிய மெலிய மேலே ஒரு சுற்று சுற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். காக்கிக்குக் கீழேயும் ஏதோ இருந்தது. நகம் நுழையவில்லை, நானும் அதற்கு மேல் பிரிக்கவில்லை.

காய்ந்ததும் வெர்னியரில் அளந்தேன். ஒரு பக்கம் 4 மில்லி, எதிர்ப்பக்கம் 4.2. என் ஒரு மில்லி சந்தைக் கழித்தால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மூன்று மில்லி சொச்சம். உரித்த பருப்பின் கனத்தை அளந்தேன், மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

அதையே திரும்ப மாட்ட மனசு வரவில்லை, நைந்துவிட்டது. ஆணியில் மாட்டிவைத்தேன். என் லுங்கியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, அதே தடிமனுக்குப் புதுச் சும்மாடு சுற்றி நூலால் கட்டினேன். முதல் தரம் தளர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரி வாங்கிப் பார்த்து, நனைத்து முறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள், அது நின்றது. அப்புறம் அவளே உட்கார்ந்து ஓட்டினாள். "வராதுன்னாங்களே ஒங்கம்மா" என்று ஒரு தரம் சொன்னாள், அவ்வளவுதான். மீதித் துவரையை உடைத்து முறத்தில் புடைத்தோம். தோல் தனியாக, குருணை தனியாக, இரண்டு படிக்குக் கொஞ்சம் குறைவாகப் பருப்பு நின்றது. நாலு பங்காகப் பிரித்துத் தம்பி, தங்கை, அக்கா வீடுகளுக்குப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன்.

நேற்று குடியாத்தத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"பருப்பு வெச்சேன்டா. நல்லாத்தான் வெந்திச்சி. ஆனா மாமா பல்லுல கல்லு கடிச்சிடுச்சி. அம்மா ஒடைச்சதுல ஒரு நாளாச்சும் கல்லு வந்திருக்குதா?"

வந்ததில்லை. தவிடு இரண்டு படி போதாது போலிருக்கிறது. சனிக்கிழமை இன்னும் நாலு படி எடுத்துக்கொண்டு போகிறேன்.